மியூசிக்கல் தியேட்டர் பட்டம்: எந்த வழி, யாருக்கு?

ஒரே படிப்புக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மூன்று பெயரில் பட்டம் தருகின்றன: பி.எஃப்.ஏ. (நுண்கலைப் பட்டம்), பி.எம். (இசைப் பட்டம்), பி.ஏ. (பொதுக் கலைப் பட்டம்). மூன்றும் நான்கு வருடம். மூன்றிலும் பாட்டு, நடிப்பு, நடனம் உண்டு. கல்லூரியின் விளம்பரத்தில் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாணவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்தால்தான் வித்தியாசம் விளங்கும். பி.எஃப்.ஏ. மாணவர் பாலே வகுப்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பி.எம். மாணவர் இசைக்கோட்பாட்டு வகுப்பில் நான்கு குரல்களுக்கு ஹார்மனி எழுதிக்கொண்டிருப்பார். பி.ஏ. மாணவர் பொருளாதார வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். அதனால் எந்தக் கல்லூரியைப் பற்றி விசாரித்தாலும் முதலில் கேட்டு வாங்க வேண்டியது, முதல் வருட மாணவர் ஒருவரின் ஒரு வாரக் கால அட்டவணை. பெயரும் தரவரிசையும் அப்புறம்.

பி.எஃப்.ஏ.: நாள் முழுக்கப் பட்டறை

மொத்தப் பாடத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மேடைப் பயிற்சி. மிச்சம்தான் ஆங்கிலம், அறிவியல், வரலாறு போன்ற பொதுப்பாடங்கள். காலையில் நடனம், பகலில் நடிப்பும் குரலும், மாலையில் ஒத்திகை, இரவு பத்து மணிக்கு மேல் அறை. கார்னகி மெலன், மிச்சிகன், சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தின் இசைக் கல்லூரியான சி.சி.எம். ஆகியவை இந்த வகையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். கார்னகி மெலன் நாடகப் பள்ளி 1914-இலேயே நாடகத்துக்குப் பட்டப்படிப்பைத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் அதற்கு முன் யாரும் தொடங்கியதில்லை. ஒரு வருடத்துக்கு ஒரு டஜனிலிருந்து இரண்டு டஜன் பேர் வரைதான் இத்தகைய வகுப்புகளில் எடுப்பார்கள். அந்த இடத்துக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வரும்.

இதன் பலம் உடலில் ஏறும் பழக்கம். தொழில்முறை மேடையில் வாரத்துக்கு எட்டுக் காட்சி என்பது வழக்கம். தொண்டை கட்டாமல், முழங்கால் போகாமல் அதைத் தாங்க நாலு வருடத் தினசரிப் பயிற்சிக்கு ஈடு எதுவும் இல்லை.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. அட்டவணை இறுகியிருப்பதால் இரண்டாவது பாடமாக வேறொன்றை எடுத்துப் படிப்பது பெரும்பாலும் நடக்காது. பத்தொன்பது வயதில் மனம் மாறினால், சேர்த்த மதிப்பெண் அலகுகளில் பல வேறு துறைக்குச் செல்லாது. ஒரு வருடம் வீணாகும். சில பள்ளிகளில் இரண்டாம் வருட இறுதியில் மதிப்பாய்வு வைத்து, தேறாதவரை வெளியேற்றுவதும் உண்டு. ‘இங்கே கட் இருக்கிறதா?’ என்று நேரடியாகக் கேட்க வேண்டும். கேட்பதில் தவறில்லை, அவர்களுக்கும் பழகிய கேள்விதான்.

இன்னும் நாலு விஷயம் கேளுங்கள். தனிக் குரல் வகுப்பு வாரத்துக்கு முப்பது நிமிடமா, ஒரு மணி நேரமா? ஆசிரியர் ஒத்துவரவில்லை என்றால் மாற்றிக்கொள்ள முடியுமா? முதல் வருட மாணவர் மேடை ஏற விடுவார்களா? ஐந்து வருடம் முன்பு முடித்த வகுப்பு மொத்தமும் இன்று என்ன செய்கிறது? கடைசிக் கேள்விதான் முக்கியம். நியூயார்க்கின் தொழில்மேடையான பிராட்வேயில் நிற்கும் ஒருவரின் படத்தை எல்லாக் கல்லூரியும் மாட்டி வைத்திருக்கும். மற்ற பதினேழு பேரைப் பற்றி யார் பதில் சொல்கிறார்களோ, அவர்களை நம்பலாம்.

பி.எம்.: பாட்டை முன்னிறுத்தும் வழி

இது இசைப் பள்ளியின் பட்டம். ஓக்லஹோமா சிட்டி பல்கலைக்கழகம், பால்ட்வின் வாலஸ் போன்ற இடங்களில் கிடைக்கும். இசைக்கோட்பாடு, காதால் கேட்டு எழுதும் பயிற்சி, பியானோ ஆகியவை கட்டாயம். வருட முடிவில் ஆசிரியர் குழுவின் முன் பாடிக் காட்ட வேண்டும். பாட்டுத்தாளைப் பார்த்த மாத்திரத்தில் பாடும் ஆற்றல் உறுதியாக வரும். கோரஸில் வேலை கிடைப்பதற்கும், குரல் ஆசிரியராகவோ இசை இயக்குநராகவோ பின்னாளில் திரும்புவதற்கும் அது உதவும்.

நடனம்தான் இங்கே அடிபடும். ஏற்கெனவே நன்றாக ஆடத் தெரிந்தவர் பி.எம். எடுத்தால் நஷ்டம் குறைவு. பாட்டு வலுவாகவும் நடனம் பூஜ்யமாகவும் இருப்பவர் எடுத்தால், பட்டம் வாங்கும்போதும் நடனம் ஏறக்குறைய அங்கேயே நிற்கும். எத்தனை பருவம் பாலே, ஜாஸ், டாப் (காலணியால் தாளம் தட்டும் நடனம்) என்று எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பி.ஏ.: அகலமான பட்டம்

மேடைப் பாடங்கள் மொத்தத்தில் பாதிக்கும் குறைவு. இதை ‘இரண்டாம் தரம்’ என்று ஒதுக்குவது பெரிய தவறு. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் தருவது பி.எஃப்.ஏ. அல்ல, அங்கே படித்தவர்கள் தொழில்மேடையில் நிறைந்திருக்கிறார்கள். இயக்கம், நாடக எழுத்து, தயாரிப்பு, கல்வி என்று கிளை விரிக்க நினைப்பவருக்கும், கணினி அறிவியலையோ உளவியலையோ சேர்த்துப் படிக்க நினைப்பவருக்கும் பி.ஏ. தவிர வேறு நல்ல வழி இல்லை.

ஆனால் பி.ஏ. யாரையும் கையைப் பிடித்து இழுத்துப்போகாது. தனிக் குரல் வகுப்பு பட்டத்துக்குள் இல்லாமல் போகலாம். வெளியே காசு கொடுத்துக் கற்க வேண்டியிருக்கும். நடன வகுப்பில் இடம் முதலில் நடன மாணவர்களுக்குத்தான். தானாக எழுந்து, தானாகப் பயிற்சி அறை பிடித்து, வாரம் ஐந்து நாள் சாதகம் செய்கிற பிள்ளைக்கு இது சுதந்திரம். அந்தப் பழக்கம் இல்லாதவருக்கு நாலு வருடம் சும்மா கழிந்துபோகும். விண்ணப்பிப்பதற்கு முன் ஒரு கோடை விடுமுறையைச் சோதனையாக வையுங்கள்: யாரும் சொல்லாமல் எட்டு வாரம் தினமும் நாற்பது நிமிடம் பாட்டு, முப்பது நிமிடம் உடற்பயிற்சி நடந்ததா? விடை அதிலேயே கிடைத்துவிடும்.

பிரிட்டனின் மூன்று வருடம்

பிரிட்டனில் பொதுப்பாடம் கிடையாது. மவுண்ட்வியூ, ஆர்ட்ஸ்எட், சர்ரே பல்கலைக்கழகத்தின் பகுதியான கில்ட்ஃபர்ட் நடிப்புப் பள்ளி, கிளாஸ்கோவின் ராயல் கன்சர்வட்வார் போன்ற நாடகப் பள்ளிகளில் மூன்று வருடப் பட்டம். வாரத்துக்கு முப்பது மணி நேரத்துக்கு மேல் வகுப்பறையிலேயே போகும். முதல் இரண்டு வருடம் பயிற்சி. மூன்றாம் வருடம் பெரும்பாலும் முழு நாடகங்கள், ஏஜென்ட்கள் வந்து பார்க்கும் ஷோகேஸ். தீவிரத்தில் இது பி.எஃப்.ஏ.வுக்குச் சமம். காலத்தில் ஒரு வருடம் குறைவு.

ஆனால் அங்கேயும் ‘மியூசிக்கல் தியேட்டர் பி.ஏ.’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பண்டங்கள் விற்கப்படுகின்றன. சாதாரணப் பல்கலைக்கழகத் துறை ஒன்று அதே பட்டத்தை வாரம் பன்னிரண்டு, பதினைந்து மணி நேர வகுப்பிலும் கட்டுரைகளிலும் கொடுக்கும். ஆய்வுக்கும் ஆசிரியப் பணிக்கும் அது நல்ல படிப்பு. மேடைக்குத் தயாராக அது போதாது. கட்டணம் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் பெற்றோர் ஏமாறும் இடம் இது: உள்நாட்டு மாணவருக்கு இங்கிலாந்தில் 2025-26-இல் உச்சவரம்பு 9,535 பவுண்ட்; பல்கலைக்கழகத் துறையானாலும் நாடகப் பள்ளியானாலும் பெரும்பாலும் அதையேதான் வாங்கும். லண்டன் தமிழ்க் குடும்பங்களில் ‘யூனிவர்சிட்டிதானே, பாதுகாப்பு’ என்று பேசப்படுவதைக் கேட்கலாம். மேடையே குறி என்றால், அதே கல்விக்கடனில் இரண்டு மடங்கு பயிற்சி நேரம் தரும் பள்ளியை விட்டுவிடுவதில் என்ன பாதுகாப்பு?

பட்டம் தராத டிப்ளமோ கல்லூரிகளும் உண்டு. நடனம் மிக வலுவாக இருக்கும். சாதாரண மாணவர் கடன் அவற்றுக்குக் கிடைக்காது. சில கல்லூரிகளில் குடும்ப வருமானத்தைப் பார்த்து அரசு நிதி தரும் டான்ஸ் அண்ட் டிராமா அவார்ட் இருக்கிறது. எப்படியும் பின்னாளில் பள்ளி ஆசிரியராக வேண்டும் என்ற எண்ணம் சிறிதளவு இருந்தாலும் பட்டம் உள்ள வழியையே எடுங்கள்.

சிங்கப்பூரில் லாசால் கலைக் கல்லூரி மூன்று வருட ஆனர்ஸ் பட்டம் தருகிறது. இப்போது அது சிங்கப்பூர் கலைப் பல்கலைக்கழகத்தின் பகுதி. வெளிநாட்டு மாணவர் அரசின் கட்டண மானியம் பெற்றால் முடித்தபின் மூன்று வருடம் சிங்கப்பூரில் வேலை செய்யக் கையெழுத்திட வேண்டும். சென்னையிலிருந்து போகிறவருக்கு இந்தக் கணக்கு லண்டனைவிட எளிது.

முதலில் வேறு பட்டம், பிறகு ஒரு வருட முதுகலை

இதைப் பேசுவோர் குறைவு. லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக், கிளாஸ்கோ கன்சர்வட்வார் ஆகியவை ஒரே வருடத்தில் மியூசிக்கல் தியேட்டர் எம்.ஏ. தருகின்றன. இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதில் குரல் நிலைத்திருக்கும். அதிலும் ஆண்களுக்குப் பதினேழில் இருக்கும் குரலை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. பொறியியலோ சட்டமோ படிக்கும்போதே குரலையும் நடனத்தையும் விடாமல் வைத்திருந்தவருக்கு இந்த வழி மிகப் பொருத்தம். அடிப்படையை அந்த ஒரு வருடத்தில் தொடங்கலாம் என்று நினைத்துப் போனால் மட்டும் தாங்காது. அது இருப்பதைத் தீட்டுகிற வருடம்.

பாடுவதைவிட எழுதுவதில் ஆசை இருப்பவர் நடிகர் பட்டத்துக்கு அலைய வேண்டியதில்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மியூசிக்கல் எழுதுவதற்கென்றே இரண்டு வருட எம்.எஃப்.ஏ. இருக்கிறது, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் சேர்ந்து உழைக்கும் படிப்பு.

ஆடிஷன்: எங்கே தவறுகிறது

அமெரிக்காவில் இரண்டு வாசல். கல்லூரிச் சேர்க்கை ஒன்று, கலைச் சேர்க்கை ஒன்று. மதிப்பெண்ணில் நுழைந்து ஆடிஷனில் விழுவதும், ஆடிஷனில் தேறி மதிப்பெண்ணில் விழுவதும் சகஜம். பன்னிரண்டு முதல் பதினைந்து பள்ளிகளுக்கு விண்ணப்பிப்பது வழக்கம். அதில் ஆடிஷனே இல்லாமல் எடுக்கும் பி.ஏ. குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்.

முதல் கட்டம் பிரீஸ்கிரீன் காணொளி, நேரில் அழைப்பதற்கு முன் வடிகட்டுவதற்கு. கோடையில் பதிவு செய்து அக்டோபர், நவம்பரில் அனுப்புவார்கள். பல பள்ளிகள் இப்போது பொதுவான ஒரே வரையறையை ஏற்கின்றன: மாறுபட்ட இரண்டு பாட்டு, 1970-க்கு முன் எழுதியது ஒன்று, பின் எழுதியது ஒன்று, ஒவ்வொன்றும் 60 முதல் 90 விநாடி, நடிப்புக்குத் தனிமொழி, ஒரு நடனத் துண்டு. பள்ளிக்குப் பள்ளி சிறு மாற்றம் உண்டு, அதனால் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி வையுங்கள். காணொளியை வெட்டி ஒட்டக் கூடாது.

பதிவில் கெடுவது பெரும்பாலும் ஒலி. செல்போனைப் பக்கத்தில் வைத்துப் பாடினால், உச்ச ஸ்வரத்தில் போன் தானாகவே ஒலியை அமுக்கிவிடும். பலமான குரல்கூட மூச்சு முட்டியதுபோல் கேட்கும். இரண்டு, மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். பியானோ ஒலி வரும் ஸ்பீக்கர் பாடுபவர் பக்கம் இருக்கட்டும், போன் பக்கம் வேண்டாம். வெற்றுச் சுவர் அறையில் எதிரொலி வரும். திரைச்சீலை உள்ள அறை நல்லது.

ஜனவரி, பிப்ரவரியில் நேர்முகம். நியூயார்க், சிகாகோ போன்ற நகரங்களில் பல பள்ளிகள் ஒரே இடத்தில் கூடி நடத்தும் யூனிஃபைட்ஸ் உண்டு. பயணச் செலவு பெருமளவு மிச்சம். அங்கே பெரும்பாலும் பதினாறு பார் (தாளக் கட்டம்) அல்லது முப்பத்திரண்டு பார் நீளமுள்ள வெட்டுதான் பாடுவீர்கள். பியானோ வாசிப்பவர் உங்கள் தாளை அப்போதுதான் பார்க்கிறார். அதனால் பாடும் ஸ்ருதியிலேயே எழுதப்பட்ட பிரதி வேண்டும். ‘ஒரு ஸ்வரம் இறக்கி வாசியுங்கள்’ என்று சொல்லக் கூடாது. தாளின் இருபுறமும் அச்சிட்டால் புரட்டுவது குறையும். பளபளக்கும் பிளாஸ்டிக் உறை வேண்டாம், விளக்கொளி பட்டுக் கண் கூசும். தொடக்கத்தையும் முடிவையும் பேனாவில் தெளிவாகக் குறியுங்கள். வேகத்தைச் சொல்ல விரலைச் சொடுக்காதீர்கள். முதல் இரண்டு வரியை மெல்லப் பாடிக் காட்டினால் போதும்.

பாட்டுத் தேர்வில் அடிக்கடி நடக்கும் பிழை, எட்டக்கூடிய உச்ச ஸ்வரத்தை வைத்துப் பாட்டைப் பிடிப்பது. நல்ல நாளில் பத்துக்கு எட்டு முறை வரும் ஸ்வரம், பயணமும் பதற்றமும் உள்ள நாளில் பத்துக்கு நான்கு முறைதான் வரும். உங்கள் உச்சத்துக்கு ஒரு ஸ்வரம் கீழே முடியும் பாட்டை எடுங்கள். நாற்பது வயதுப் பாத்திரத்தின் பாட்டையும் தவிர்த்துவிடுங்கள். தனிமொழி அச்சில் வந்த நாடகத்திலிருந்தே இருக்க வேண்டும். இணையத்தில் ஆடிஷனுக்கென்றே எழுதப்பட்டவற்றை நடுவர்கள் ஒரே வரியில் கண்டுகொள்வார்கள்.

நடனச் சுற்றில் ஒரு சிறு துண்டைக் கற்றுக்கொடுத்து நாலைந்து பேராக ஆடச் சொல்வார்கள். காலடி தவறியதும் முகம் இறுகுகிறதா, அல்லது பாத்திரம் தொடர்கிறதா என்பதையும் நடுவர்கள் கவனிக்கிறார்கள்.

கர்நாடக சங்கீதமும் பரதமும் தெரிந்தவருக்கு

எதையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பல பள்ளிகளில் கற்பிக்கும் நகரும் ‘டோ’ முறை, ஸ்ருதிக்கேற்ப ஸட்ஜம் இடம் மாறுவதுதான். ஸ்வரஞானம் உள்ளவர் அதில் சில வாரங்களில் தேறுவார். ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்குத் தார ஸ்தாயிப் பஞ்சமம், பியானோவில் நடு ஸி-க்கு ஒரு ஸ்தாயி மேலே உள்ள ஸி-யைத் தாண்டிய டி. இன்றைய மியூசிக்கல்களில் பெல்ட் (பேச்சுக் குரல் போலப் பலமாக எழுப்பும்) குரல் அடிக்கடி தொடும் உச்சம் அது.

தடங்கல் இரண்டு. ‘கள்ளக் குரல்’ என்று பாட்டு வகுப்பில் தவிர்க்கச் சொல்லிப் பழக்கிய தலைக்குரல் இங்கே பாதிப் பாட்டுக்குத் தேவை. 1970-க்கு முந்தைய பாட்டு அங்கேதான் அடிவாங்கும். குறைந்தது ஒரு வருடம் அதைத் தனியாக வளர்க்க வேண்டும். இரண்டாவது ஹார்மனி. பக்கத்தில் நிற்பவர் வேறு ஸ்வரம் பாடும்போது தன் ஸ்வரத்தைப் பிடித்து நிற்கும் பழக்கம் நம் முறையில் கிடையாது. பள்ளி அல்லது தேவாலயப் பாடகர் குழுவில் ஆறு மாதம் ஆல்ட்டோவோ டெனரோ பாடினால் வந்துவிடும்.

பரதம் பயின்றவருக்கு அரைமண்டி, பாலேயில் முழங்காலைப் பாதி மடக்கும் டெமி பிளியேவுக்கு அடித்தளம். தட்டு மெட்டு பழகிய கால், டாப் செருப்பின் குதிகால் ஓசையைச் சீக்கிரம் பிடிக்கும். ஜதிக் கணக்கு தெரிந்தவருக்குத் தாளம் பயமில்லை. பாலேயில் உடல் மேலே இழுபட வேண்டும், பரதத்தில் எடை தரையில் இறங்கும். அதை மாற்ற நேரம் ஆகும். விண்ணப்பத்தில் பரதத்தை மறைக்க வேண்டாம். ‘உங்கள் விருப்பம்’ என்று ஒரு துண்டு கேட்கும் பள்ளிகளுக்கு அறுபது விநாடி அபிநயம் அருமையான தேர்வு.

பாடிக்கொண்டே நடிப்பது நமக்கு இறக்குமதிச் சரக்கும் அல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய இசை நாடகங்களில் நடிகர்கள் ஹார்மோனியத்தோடு சொந்தக் குரலில் பாடி இரவு முழுக்க நின்றார்கள். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் இன்றும் நிற்கிறார்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் புலம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. தமிழ் மேடையிலேயே உழைக்க விரும்புவோர் அந்தப் படிப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பணமும் விசாவும்

அமெரிக்கத் தனியார் பள்ளிகளில் தங்கும் செலவும் சேர்த்து வருடத்துக்கு 80,000 டாலரைத் தாண்டும் இடங்கள் பல. அரசுப் பல்கலைக்கழகத்தில் அந்த மாநிலத்தவருக்குப் பாதிக்கும் கீழே வரும். பெற்றோரைச் சார்ந்த இளங்கலை மாணவர் தன் பெயரில் வாங்கக்கூடிய கூட்டரசுக் கடனின் மொத்த வரம்பு 31,000 டாலர். அதற்கு மேல் போவது எல்லாம் பெற்றோர் தலையிலோ வங்கிக் கடனிலோதான். மேடை வருமானம் மாதம் தவறாமல் வருவதில்லை. அந்த 31,000-ஐத் தாண்டும் பெரும்பெயர்ப் பள்ளியைவிட, உதவித்தொகை தரும் சின்னப் பெயர்ப் பள்ளியே மேல். ஏப்ரலில் வேறு பள்ளி தந்த உதவித்தொகைக் கடிதத்தைக் காட்டிக் கூடுதல் உதவி கேட்கலாம். சேர்வதை உறுதிசெய்ய மே 1 பெரும்பாலும் கடைசி நாள்.

அமெரிக்காவுக்கு எஃப்-1 மாணவர் விசாவில் வருபவருக்குப் படிப்பு முடிந்தபின் 12 மாத ஓ.பி.டி., அதாவது துறை சார்ந்த வேலை செய்ய அனுமதி. அறிவியல், பொறியியல் துறையினருக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் இதற்கு இல்லை. அந்த 12 மாதத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. மேடைக் கலைஞர்கள் சின்னச் சின்ன நிகழ்ச்சிகளைச் சேர்த்துக் காட்டலாம். தேதி, இடம், மணி நேரம் எல்லாவற்றையும் அன்றன்றே எழுதி வையுங்கள்.

பிரிட்டனில் மாணவர் விசாவில் இருக்கும்போது காசு வாங்கிக்கொண்டு மேடை ஏற முடியாது. பொழுதுபோக்குக் கலைஞராக வேலை செய்வதும் சுயதொழிலும் தடை. கோயில் விழாக் கச்சேரிக்குக் கொடுக்கும் சம்பாவனைகூடச் சிக்கல். முடித்தபின் வரும் கிராஜுவேட் விசாவில் இரண்டும் செய்யலாம். அது இரண்டு வருடம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளங்கலை, முதுகலைப் பட்டதாரிகளுக்கு 18 மாதமாகக் குறைகிறது. 2026 செப்டம்பரில் மூன்று வருடப் படிப்பில் சேர்பவர் 18 மாதம் என்றே கணக்குப் போட வேண்டும்.

ஆக, தினமும் ஆறு மணி நேரம் உடலை வேலை வாங்கத் தயாராகவும், வேறு படிப்பு வேண்டாம் என்ற தெளிவோடும் இருப்பவர் பிரிட்டிஷ் நாடகப் பள்ளியையோ பி.எஃப்.ஏ.வையோ எடுக்கட்டும், பிரிட்டனில் உள்நாட்டு மாணவர் கட்டணத்துக்குத் தகுதி இருந்தால் செலவைப் பார்த்து முன்னதே நல்லது. நன்றாக ஆடத் தெரிந்து, பாட்டை ஆழப்படுத்த நினைப்பவருக்குப் பி.எம். மனம் இரண்டாகப் பிரிந்திருப்பவருக்குப் பி.ஏ., கூடவே வாரம் ஒரு தனிக் குரல் வகுப்பு. இந்தியாவிலிருந்து கடன் வாங்கிப் போக வேண்டிய குடும்பத்துக்கு முதல் பரிந்துரை, உள்ளூரில் ஒரு பட்டம், கூடவே ஐந்து நாள் சாதகம், பிறகு ஒரு வருட எம்.ஏ. எந்த வழியானாலும் இந்த மாதமே ஒரு குரல் மருத்துவரிடம் குரல்நாண்களை ஸ்கோப் போட்டுப் பார்த்து, ஆரோக்கியமாக இருக்கும்போதே அந்தப் பதிவை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வருடம் குரல் கம்மும்போது, புதிதாக வந்த முடிச்சா, முன்பே இருந்ததா என்று மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.